ஓடம் கரை சேர எத்தனை நாள்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு.

எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசப் பேச செல்போனே எழுதிக்கொள்கிறது.

காதர் பாய் தன் தையல் கடையில் தினமும் சாயங்காலம் அந்தப் பழைய பெரிய நாவலை எனக்கும் செல்வராஜுக்கும் வாசித்துக் காட்டுகிறார். இன்று நாயகி ஓடத்தில் ஆற்றைக் கடந்தாள்.

"எம்மா நேரம் தண்ணிலயே கீறா? கதைய நவுத்து பாய்," என்றார் செல்வராஜ்.

எனக்கோ போதவில்லை. முன்பு நான் வேலை பார்த்த மண்ணூர்பேட்டைக் கம்பெனியில், லேத் மிஷின் ஓட்டுகிற மாணிக்கம் சாப்பாட்டு நேரத்தில் இதே நாவலை எங்களுக்குப் படித்தபோது, அந்த ஓடம் கரை சேர மூன்று நாள் வாசிப்பு ஆனது. ஓடக்காரன் தன் செத்துப்போன மகளைப் பற்றிப் பேசுவான்.

"பக்கத்தத் தாண்டிட்ட பாய்," என்றேன்.

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு வரி தாண்டல. நம்பிக்கை இல்லன்னா நீயே படிச்சுக்கோ நைனா."

செல்வராஜ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "தாண்டியிருந்தா சந்தோசப்பட்டிருப்பேன். எல்லாம் சரியாத்தான் கீது. ஓடக்காரன் வாயே தொறக்கல."

அப்படியென்றால் மகள் கதையெல்லாம் மாணிக்கம் தானாகச் சேர்த்தது. புத்தகத்தைப் பார்த்தபடியே, ஒரு இடத்தில்கூடத் திக்காமல் சொன்னான். என்ன ஆள்! எழுதினவரும் லேசுப்பட்டவரில்லை. பேசாத ஓடக்காரனுக்குள் இன்னொருத்தன் வந்து மூன்று நாள் தங்க இடம் வைத்திருக்கிறார்.

பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "நாளைக்கு வா," என்றார்.

போவேன். ஆனால் அன்று மாணிக்கம் படித்த முடிவைக் கேட்டு நாங்கள் அத்தனை பேரும் அழுதோம். அந்த முடிவு புத்தகத்தில் இருக்கிறதா என்பதுதான் தூங்கவிட மாட்டேன் என்கிறது.