ஞாயிற்றுக்கிழமை லீவு

பிப்ரவரி 18, புதன்

நெற்றியில் சாம்பல். தவக்காலம் முழுக்க, ஈஸ்டர் வரைக்கும், காப்பி கிடையாது என்று சபதம். மத்தியானத்துக்குள் தலை வெடித்தது. ஆபீசில் யார் மேலும் எரிந்துவிழ முடியாது. வீட்டுக்கு வந்து நர்சம்மா மேல் எரிந்துவிழுந்தேன். நர்சுக்குப் படித்தவள் இல்லை. படுக்கையில் கிடக்கும் என் மாமியாரைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறவள். பட்டம் கொடுத்தது அத்தைதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

மாலைப் பூசையில் எசாயா வாசகம் என்னுடையது. நோன்பு நாளிலும் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறவர்களின் நோன்பு கடவுளுக்கு வேண்டாமாம். ஏற்றி இறக்கி வாசித்தேன். குரல் கணீரென்று இருந்ததாக நாலு பேர் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தால் நர்சம்மா தயங்கித் தயங்கி நின்றாள். தவக்காலத்தில் மட்டும் ஞாயிறு காலை பூசைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அந்த நேரத்தில் நாங்களும் கோயிலில் இருப்போமே, அத்தையை யார் பார்ப்பது? ஈஸ்டர் முடியட்டும், பார்க்கலாம் என்றேன். தவக்காலத்துக்குக் கேட்டவளிடம்! சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்படியும் திருத்திக்கொள்ளவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, ஃபாதர் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி! தலைகால் புரியவில்லை.

மார்ச் 23, திங்கள்

காப்பியை இன்னும் தொடவில்லை.

ஏப்ரல் 1, புதன்

எழுதவே கூசுகிறது. குதிகால் முழுக்க வெடிப்பு. நாளைக்குக் கோயிலே பார்க்குமே என்று நர்சம்மாவைத் தேய்த்துவிடச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக் கல்லால் தேய்த்தாள். தேய்த்தபடியே, நாளைக்கு மட்டுமாவது தான் போகட்டுமா என்றாள்.

"நாளைக்கு நான் இல்லாம எப்படி? பன்னெண்டு பேர்ல ஒருத்தியாச்சே."

அவள் விரலிடுக்கெல்லாம் துடைத்துவிட்டு எழுந்தாள். கட்டிலிலிருந்து அத்தை சொன்னார்: "நல்லாத் தேய்ச்சு விடு. ஃபாதருக்கு வேலை மிச்சம்."

சிரித்து மழுப்பினேன். ச்சீ.

ஏப்ரல் 2, வியாழன்

ஃபாதர் தண்ணீர் ஊற்றினார். சுத்தமான கால். என்னால் நிமிர முடியவில்லை. நாளைக்கு நான் வீட்டில் இருந்துகொண்டு அவளைக் கோயிலுக்கு அனுப்புவது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

வீட்டில் அவள் பையோடு நின்றாள். வேறு வீட்டில் வேலை கிடைத்துவிட்டதாம், ஞாயிறு லீவு விடுகிறார்களாம். நாளையிலிருந்து வரமாட்டாள். என் முடிவெல்லாம் எங்கே போச்சு? பெரிய வெள்ளியும் அதுவுமாக விட்டுவிட்டுப் போகிறாயே, இது நியாயமா என்று கேட்டேன். நியாயமாம்! இந்த வாயாலதானே எசாயா வாசிச்சேன்?

"பெரிய வெள்ளிதானேக்கா. கோயிலுக்குப் போகணும்" என்றாள். அத்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

வீட்டுக்காரர் மட்டும் பூசைக்குப் போனார். நான் அத்தையோடு. புரட்டிப் படுக்கவைக்கத் தெரியாமல் வலிக்கவைத்துவிட்டேன். "நர்சம்மா பக்குவமா செய்வா" என்று மட்டும் சொன்னார்.

வேலைக்குப் புதிதாக ஒருத்தி போன் பண்ணினாள். அவள் கேட்பதற்கு முன்பே, ஞாயிறு உனக்கு லீவு என்று முந்திக்கொண்டேன். என்ன பெருமை எனக்கு!

"ஞாயிறு வேணாம்க்கா, நான் கோயிலுக்கெல்லாம் போறதில்ல. புதன்கிழமை விடுங்க. ஹாஸ்டல்ல பொண்ணைப் பார்க்கப் போகணும்."

புதனா? எனக்கு ஆபீஸ் ஆச்சே! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றேன்.

இனி மேனேஜரிடம் புதன்கிழமைக்கு லீவு கேட்க வேண்டும். எந்த நேரத்தில், எப்படி ஆரம்பித்துக் கேட்பது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்க்கிறேன். வாயே வரமாட்டேன் என்கிறது.