நடுவிலிருந்து ஒரு வரி

நேற்று தங்கை பேரனுக்கு ஒரு டீ-ஷர்ட் வாங்கினேன். வீட்டில் விரித்துப் பார்த்தால் கீழ் மடிப்பில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். இங்கே தையல் விட்டிருக்கிறது என்று யாரோ ஒரு செக்கிங் பெண் ஒட்டியது. தையலைச் சரிசெய்தவர்கள் ஸ்டிக்கரை எடுக்க மறந்துவிட்டார்கள். தங்கை அதை உரித்துப் போடப் போனாள். "இருடி" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். நீங்கள் கண்ணை மூடி இந்த ஐப்பசியோடு ஒரு வருடமாகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இன்றைக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பழக்கமே ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது. அருள்புரத்துப் பக்கம் எங்கள் பள்ளியில் உங்கள் மகள் கவிதா ஐந்தாம் வகுப்பு, நான் அவளுடைய டீச்சர். காலாண்டுப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அட்டை கொடுத்தனுப்பினேன். எல்லா அட்டையும் கையெழுத்தோடோ கைநாட்டோடோ திரும்பி வந்தன. கவிதாவின் அட்டையில் மட்டும் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. இத்தனைக்கும் தமிழில் அவளுக்கு நல்ல மார்க். பக்கத்தில் "நன்று" என்று நானே எழுதியிருந்தேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். இரண்டு முறையும் அப்படியே வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவை வரச்சொல் என்றேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பனியன் கம்பெனிச் செக்கிங் வேலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தீர்கள். சேலையெல்லாம் நூல் பிசிறு. நானும் வாய்த்துடுக்கில், "ஏனுங்க, கையெழுத்துப் போடத் தெரியாதுங்களா? கைநாட்டாவது வெச்சு அனுப்பலாமில்லீங்க?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் மூலனூரில் எட்டாவது வரைக்கும் படித்தவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

உங்களுக்குக் கோபமே வரவில்லை. "கையெழுத்து வருமுங்க டீச்சர். போடத்தான் மனசு வரலீங்க. கம்பெனில நான் பாக்காத பீசுக்குக் கையெழுத்துப் போடமாட்டனுங்க. இங்க பாத்துட்டேன், அதனால போட முடியலீங்க" என்றீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் கவிதாவைக் கூப்பிட்டுத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தீர்கள். அவள் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். நான் உங்களை ஒரு பார்வை பார்த்தேன், போதுமா என்கிற மாதிரி. அப்போது நீங்கள் பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, "இங்கிருந்து வாசி கண்ணு" என்றீர்கள்.

கவிதா வாசிக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. பாடத்தை முதல் வரியிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேரப் பார்க்கிறாள் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிள்ளைக்கு வாசிக்கவே தெரியாது. மொத்தப் புத்தகமும் மனப்பாடம். ஜூனில் ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டியவள். அங்கே புத்தகம் இதைப்போல் மூன்று மடங்கு. அத்தனையையும் எந்தப் பிள்ளையால் மனப்பாடம் செய்ய முடியும்? ஒரு வருடம் தள்ளாடிவிட்டு நின்றுவிடுவாள். நின்ற பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வெளிப்பக்கம் எல்லாப் பீசும் நல்லாத்தானுங்க இருக்கும். திருப்பிப் பாத்தாத்தான் தையல் தெரியும்" என்றீர்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால் பாடம் நடத்துவது யார், முழுப் பரீட்சையில் தெரிந்துவிடப் போகிறது என்று கத்தினேன். "பொட்டி கட்டுனதுக்கப்புறம் பாத்தா ரிஜெக்ட்டுன்னு சொல்லலாமுங்க, வேறென்ன பண்ண முடியும்? தெச்சுட்டிருக்கறப்பவே பாத்தா, பிரிச்சு மறுபடியும் தெச்சுக்கலாமுங்களே" என்று சொல்லிவிட்டு, மணியாகிவிட்டதென்று ஓடிப்போனீர்கள். நான் அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எட்டுப் பிள்ளைகளை மேசைக்குக் கூப்பிட்டேன். ஆளுக்கு இரண்டு வரி, நடுவிலிருந்து. மார்க் கிடையாது. எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒரு வாரத்தில் எல்லோரும் ஒரு சுற்று வந்துவிட்டார்கள். கவிதாவைப்போல் பதினேழு பேர்! கேள்விப்பட்டு, கம்பெனியில் கழித்துப் போட்ட அம்புக்குறி ஸ்டிக்கர் தாள் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தீர்கள். திக்கிய இடத்தில் ஒட்டுங்கள், பிள்ளையே சரிசெய்துவிட்டு உரித்துக்கொள்ளட்டும் என்றீர்கள்.

அதிலும் நான் சொதப்பினேன். ஆர்வக்கோளாறில் ஒரு பக்கத்துக்குப் பத்து, பதினைந்து என்று ஒட்டித் தள்ளினேன். அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டன புத்தகங்கள். கவிதா இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. மூன்றாம் நாள் நீங்களே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். "ஒரு பீசுல பத்து ஸ்டிக்கர் ஒட்டுனா எந்த டெய்லரும் அடுத்த நாள் வேலைக்கு வரமாட்டாங்க டீச்சர். ஒண்ணு ஒட்டுங்க. அது சரியானதுக்கப்புறம் அடுத்தது." அன்று முதல் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அம்பு.

இன்னொரு நாள் என் நோட்டைப் புரட்டிக் காட்டிப் புலம்பினேன். பதினேழு பேரும் நீளமான சொல் வந்தால் நின்றுவிடுகிறார்கள், எத்தனை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை என்றேன். நீங்கள் கொஞ்சம் தயங்கினீர்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். எல்லாப் பீசுலயும் ஒரே எடத்துல தப்பு வந்தா நாங்க டெய்லரத் திட்டமாட்டமுங்க. மெஷினப் பாப்போம்." அந்த மெஷின் நான்தான் என்பதை நீங்கள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. பத்து வருடமாக நான் முன்னால் சொல்ல, பிள்ளைகள் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நீளச் சொல்லைத் தானே உடைத்துப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் நான் இடம் கொடுத்ததில்லை. அன்று நாம் இருவரும் சிரித்தோம். எனக்கு நீங்கள் சிநேகிதியானது அன்றைக்குத்தான்.

முழு ஆண்டு அட்டைக்கு நீங்களே வந்தீர்கள். வாசலில் ஒரு ரூபாய் போன் பெட்டி வைத்திருந்த டீக்கடையில் போண்டா சுற்றிக் கொடுத்த செய்தித்தாள் துண்டை நீட்டி, "வாசி கண்ணு" என்றீர்கள். பரீட்சை எழுதுவது நான்தான் என்பதுபோல இருந்தது எனக்கு. கவிதா எண்ணெய் படிந்த அந்தத் தாளை மெதுவாக வாசித்தாள். நடுவில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள். நானும் வாயைத் திறக்கவில்லை, நீங்களும் திறக்கவில்லை. அவளாகவே நின்றாள், பின்னால் போனாள், சொல்லை உடைத்துச் சரியாகச் சொல்லிவிட்டு மேலே போனாள். நீங்கள் பேனாவைக் கேட்டு வாங்கி அட்டையில் கையெழுத்துப் போட்டீர்கள். "இனி அவளே பாத்துக்குவாளுங்க" என்றீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உங்களுக்கும்தான்.

கவிதா இந்த வருடம் பத்தாவது. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வந்தபோது என் தோளில் சாய்ந்து அழுதாள். படிப்பை விடமாட்டாள், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

சொல்லாமல் விட்டது இதுதான். மூன்று வருடத்துக்கு முன் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கவிதாவுக்கு ஏழெட்டு வருடம் முந்தி என்னிடம் படித்தவள். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரே பஸ் வந்து நின்றது. "டீச்சர், இது பொங்கலூர் போகுங்களா?" என்று கேட்டாள். பலகையில் பொங்கலூர் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. போகும் கண்ணு என்றேன். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "எம் பொண்ணையும் உங்ககிட்டத்தானுங்க படிக்கப் போடோணும்" என்றாள். அவளுக்காகச் சண்டை போட உங்களைப்போல் ஒருத்தர் வரவில்லை. வந்திருந்தாலும் நான் விரட்டியிருப்பேன். இதை உங்களிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீங்கள் என்னை நல்ல டீச்சர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சொன்னபடியே அந்தப் பெண் இந்த ஜூனில் குழந்தையை எங்கள் பள்ளியில் சேர்த்துவிட்டாள். ஒன்றாம் வகுப்பு என்னுடையதில்லை. ஆனாலும் சாயங்காலம் மணி அடித்ததும் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு இரண்டு சொல் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கூட்டிப்போக வரும் அவளையும் பக்கத்தில் உட்காரச் சொல்கிறேன். குழந்தை எழுத்துக் கூட்டும்போது அவளும் அதே எழுத்தைப் பார்க்கிறாள், உதடு சத்தமில்லாமல் அசைகிறது. நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டு, குழந்தையிடம் இன்னும் ஒரு சொல் கேட்கிறேன்.