உருளைக் கழுத்தில் நுரை

வெர்னா,

காலை ஏழு இருபது. நீ தூங்குகிறாய். நான் உன் தம்பி ரோலண்ட் வீட்டுக்குப் போகிறேன்.

பீப்பாயிலிருந்து பீரைத் தள்ளும் கேஸ் உருளை மறுபடி காலி. இந்த முறை இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தேன். உருளையின் கழுத்தில் நுரை பொங்கியது. அங்கே வாஷரே இல்லை. போன மாதம் உருளையை மாட்டியவன் நான்தான். வாஷர் போட்டதும் கசிவு நின்றுவிட்டது.

ஞாயிறன்று கேஸ் தீர்ந்துபோனதும் விருந்தினர் முன்னால், "ரோலண்டுக்குக் கை சும்மா இருக்காது, அவன்தான் திறந்து விட்டிருப்பான்" என்றேன். அவன் சாப்பிடாமல் எழுந்தான். போய் நிற்கவே கூசுகிறது. போனில் சொல்வது அதைவிடக் கேவலம்.

உருளைக்கிழங்கு சாலட் ஃபிரிட்ஜில் இருக்கிறது. கசிந்த கேஸ் வெளியேறட்டும், நிலவறை ஜன்னலை மூடாதே.

ஆரின்

பி.கு. கோட்டை மாட்டிக்கொண்டே அவன் கேட்டது உனக்குக் கேட்டிருக்காது: "ஏன் மச்சான், முப்பது வருஷத்துல உங்க வீட்டுல எதையாவது கேக்காம தொட்டிருக்கேனா?"