முள்கம்பி வழியே வந்த கேள்வி

மில்லட் கிரீக், கான்சாஸ்
1903 மே 4

அன்புள்ள தெர்ஸா அக்காவுக்கு,

நலம். சுவரில் டெலிபோனை மாட்டிக்கொண்டு, இரண்டு மைல் தள்ளியிருக்கும் அக்காவுக்குக் கடிதமா என்று கேட்காதே. அத்தான் எட்டு வீட்டு டெலிபோனையும் ஒரே முள்கம்பி வேலியில் கோத்துவிட்டார். நான் தும்மினால் ஏழு வீடு எனக்காக ஜெபிக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஹைரம் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் இறந்துபோன இந்த நாலு வருஷமாக, கேட்காமலே எனக்கு விறகு பிளந்து போடுகிற மனுஷன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "பன்னியக் கட்டிக்கிறீங்களா லவீனா?" என்கிறார். என் வீட்டை ஒட்டிய அவர் சோளக்காட்டில் என் பன்றி வாய்வைத்தது ஒரே ஒரு தடவை. எனக்குச் சுருக்கென்றது. "அதக் கட்டி மேய்க்க என்னால ஆகாது" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். அதிலிருந்து ஆளே வருவதில்லை. தேவாலயத்தில் என்னைக் கண்டதும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைக்கிறார். ஒரு பன்றிக்கு இவ்வளவா?

உன் கடிகாரம் இன்னும் ஒரு மணி கூடுதலாகத்தான் அடிக்கிறதா?

உன் தங்கை,
லவீனா

மே 7

அன்புள்ள லவீனா,

கர்த்தர் கிருபையால் நலம். கடிகாரம் அப்படியேதான் அடிக்கிறது. ஹைரம் பன்றிக்காக முகம் திருப்புகிறவர் இல்லை. அவர் வேறு ஏதோ கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது என்று கேட்காதே. ஒட்டுக்கேட்பது பாவம்.

தெர்ஸா

மே 15

அக்கா,

ஹைரம் நிலத்தை விற்கப் போகிறாராம். திங்கட்கிழமை ஓரிகனுக்கு ரயில். பன்றியைக் கட்டிவிட்டேன். இனி யாருக்காகக் கட்டினேன் என்றுதான் தெரியவில்லை.

லவீனா

மே 16, சனி காலை

லவீனா, என் கண்ணே,

முழங்காலில் நின்று எழுந்து வந்து எழுதுகிறேன். என் நோட்டில் பாவங்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை ரிசீவர் எடுத்த சத்தம் ஆறு. முதல் சத்தம் என்னுடையது.

ஹைரத்துக்கு அடுத்த வீடு எங்களுடையது, எனக்குத் தெளிவாக விழுந்தது. அப்புறம் ஐந்து வீடும் ரிசீவரை எடுத்து அவர் குரலில் ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைத்தான் கம்பியின் கடைசியிலிருக்கும் உனக்கு அனுப்பின. அவர் பன்றியைக் கேட்கவில்லையடி. "என்னியக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டார். அதற்கு நீ சொன்ன பதிலை நினைத்துப் பார்.

இன்று மாலை ஐந்து மணிக்கு அவருக்கு மணியடி. அந்த ஐந்து வீட்டுக்காரிகளையும் நேரில் பார்த்து, ரிசீவரைத் தொடமாட்டோம் என்று வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்லவைத்துவிட்டேன். இதை அத்தான் குதிரையில் கொண்டு வருகிறார். அவரிடம் ஒன்றும் கேட்காதே.

தெர்ஸா

மே 17, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பொறுக்க முடியாமல் ஐந்தாக மூன்று நிமிஷம் இருக்கும்போதே மணியடித்துவிட்டேன். "அன்னைக்குக் கேட்டத இன்னொரு தடவ கேளுங்க" என்றேன். "கட்டி மேய்க்க ஆகாதுன்னீங்களே" என்றார். "அது பன்னிய" என்றேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் வேலியே ஆடியிருக்கும். அப்புறம் கேட்டார். குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோலத்தான் இருந்தது, ஒரு மடக்கு மட்டும் குறைவாக.

சரி என்றேன். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். உடனே ஒரு கடிகாரம் ஆறு அடித்தது. என் வீட்டில் மணி ஐந்து.

ஐந்து பேரையும் கைவைக்கச் சொன்ன புத்தகத்தில் நீ கைவைக்கவில்லையா அக்கா?

கல்யாணம் ஜூன் கடைசியில். ஹைரம் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாய்.

உன் தங்கை,
லவீனா