வரணும்ப்பா என்றாயே

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகமா என்று கேட்டு எழுதித்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை கேட்க மனம் வரவில்லை, நீ சுகமாக இல்லை என்று தெரிந்துபோனது. உன் அறைத்தோழியைக் கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் நீ திடீரென்று போனை எடுக்காமல் போகவும் அம்மாதான் அவளைக் கூப்பிட்டு அரித்தெடுத்தாள். முதலில் மழுப்பிப் பார்த்த அந்தப் பெண் கடைசியில் அழுதுவிட்டாள். "ஆன்ட்டி, அவளுக்கு வேலை போய் ரொம்ப நாளாச்சு. காலையில ஆபீஸ் டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு உங்களுக்கு வீடியோ கால் பண்ணுவா, வச்சதும் அதே டிரஸ்ஸோட படுத்துப்பா" என்றாளாம். அதைக் கேட்டதிலிருந்து அம்மா அடுப்படியில் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறாள், எதை என்று அவளுக்கே தெரியவில்லை.

வேகம் போதாது என்று அனுப்பினார்களாமே. மற்றவர்கள் நேரத்துக்கு எழுந்து போக நீ மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் வேலை முடியவே மாட்டேங்குது?" என்று மேனேஜர் கேட்டாராம். மேனேஜர் எழுந்திருக்காமல் நீ எழுந்திருக்காதே என்று பஸ் ஏற்றிவிடும்போது சொன்னவன் நான். வேலையை எப்போதோ முடித்துவிட்டு என் பேச்சுக்காக உட்கார்ந்திருந்தாயாம். என் கடையில் அப்படி இருப்பவனுக்குச் சம்பளம் கூட்டுவேன், அங்கே அதற்கே சீட்டைக் கிழிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சரி, போன வேலைக்காக நான் அழவில்லை, ஒரு கடை நொடித்தபோது அடுத்த தெருவில் இன்னொரு கடை போட்டவன் நான். என் நெஞ்சை அறுப்பது வேறு. நம் கடையில் 'இல்லை' என்ற சொல் கூடாது. முக்கால் இஞ்ச் குழாய் தீர்ந்திருந்தாலும் 'வரணும்' என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆணிப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, எனக்கு முன்னால் நீயே "வரணும் சார், நாளைக்கு வாங்க" என்று கத்துவாய். வேலை நிரந்தரமாயிற்றா என்று கேட்டேன், "லெட்டர் வரணும்ப்பா" என்றாய். சம்பளம் கூட்டினார்களா என்றேன், "அதுவும் வரணும்ப்பா" என்றாய். ஊருக்கெல்லாம் அந்தச் சொல்லை விற்றவன், நீ என்னிடமே அதை விற்றபோது அங்கே சரக்கில்லை என்று புரிந்துகொள்ளவில்லை. கல்லாவில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் உன் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். பெற்ற அப்பனை வாசலில் நிற்கும் வாடிக்கையாளன் ஆக்கிவிட்டாயே கண்ணு.

நேற்று பிளம்பர் ஒருவர் வந்து, "பொண்ணுக்கு வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். சரக்கெடுக்க ஏணி மேல் நின்ற நம் கடைப் பையன் நெட்டையன், "முதலாளி வாயிலேயே இல்லைன்னு வந்துடுச்சு, இனி கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வீட்டுக்கு வா என்று அதட்டமாட்டேன், அம்மா உன் கட்டில் விரிப்பைத் துவைத்துப் போட்டிருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அங்கேயே வேறு வேலை தேடுவதானால் தேடு, ஆனால் வயிற்றைக் காயப்போட்டுத் தேடாதே. கிடைத்த இடத்தில் வேலை முடிந்தால் எழுந்து போ, எந்த மேனேஜர் உட்கார்ந்திருந்தால் உனக்கென்ன.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, போன் பக்கத்திலேயே இருப்பேன், மறந்துவிடாதே. வீடியோ வேண்டாம், நல்ல உடையும் வேண்டாம், குரல் போதும். 'இல்லைப்பா' என்று ஒரு சொல் சொல், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டேன். நோய்நொடி அண்டாமல், யாருக்கும் பயப்படாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இதை எழுதும்போதே அம்மா கதவருகே வந்து, "அவகிட்டேருந்து போன் வந்துச்சா?" என்று கேட்டாள். "வரணும்" என்றேன்.

உன் வழி பார்த்திருக்கும்,
அப்பா