அந்த மூச்சைப் பயம் என்று நினைத்தோம்

என் அருமை அண்ணா,

இன்று பாமன்கடை டியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு இரத்தத்தின் அமில கார சமநிலை படிப்பித்தேன். மூன்று வருடமாக அந்தப் பாடத்தை மட்டும் இன்னொரு ஆசிரியரிடம் தள்ளிவிட்டுத் தப்பி வந்தேன். இம்முறை அவர் லீவு.

சொன்னால் சிரிப்பீர்கள், கரும்பலகையில் தலைப்பையே இரண்டு தரம் அழித்து எழுதினேன். அமிலம் கூடினால் இரத்தத்திலுள்ள இருகாபனேற்று என்ற காரம் முதலில் அதைப் பிடித்து அடக்கும். அதில் உண்டாகும் காபனீரொட்சைட்டு வாயுவை மூச்சோடு நுரையீரல் வெளியே தள்ளும். செலவான இருகாபனேற்றைச் சிறுநீரகம் மீண்டும் உண்டாக்கும், ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். உங்களுக்கு ஏது நாட்கள்?

சின்ன வயதிலிருந்தே நீரிழிவோடும் ஊசியோடும் வாழ்ந்தவர் நீங்கள். வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் பொலிஸ் உங்களைப் பிடித்துக்கொண்டுபோனபோது இன்சுலின் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலேயே இருந்தது. அதை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பொலிஸ் வாசலில் நின்றேன். தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டிக் கெஞ்சினேன். ஊசி என்றதும் இன்னும் சந்தேகமாகப் பார்த்து, நாளை வரச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலை விட்டார்கள். வந்து கதிரையில் இருந்த நீங்கள் ஆழமாக, விடாமல் மூச்சு வாங்கினீர்கள். ஜீப் சத்தம் கேட்டாலே எங்கள் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். பயந்துபோய்விட்டான், ஆறட்டும் என்றார் அம்மா. வெறுவயிற்றில் ஊசி போட்டால் மயக்கம் வரும், சாப்பிட்ட பிறகு போடலாம் என்றேன் நான். உங்கள் முதுகைத் தடவினேன்.

"இனி ஒருத்தரும் வரமாட்டினம் அண்ணா, மெதுவா மூச்சு விடுங்கோ."

மெதுவாக விடச் சொன்னேன், அண்ணா. இன்சுலின் இல்லாமல் உடம்பெல்லாம் அமிலமாகி, அதை வெளியேற்ற உங்களிடம் மிஞ்சியிருந்தது அந்த மூச்சு ஒன்றுதான். பின்னேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது. அப்போதும் இதே பாடத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தவள்தானே நான்? ஏன் எனக்குத் தோன்றவில்லை?

இன்று கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்.

"மிஸ், இருகாபனேற்றும் முடிஞ்சு, நுரையீரலும் களைச்சுப் போனா?"

பதில் தெரியும். சோக்கை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சோதனைச் சாவடிகள் அப்படியே இருக்கின்றன. ஃபிரிட்ஜ் கதவில் உங்கள் மருந்துத் தட்டில் வேறொன்றும் வைக்க அம்மா விடுவதில்லை. என்னால் ஒன்றையும் மாற்ற முடியவில்லை.

நாளை வகுப்புக்குப் போவேன். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, அன்று நீங்கள் விட்டதுபோல் மூச்சு விட்டுக் காட்டுவேன். இது பயமில்லை, இதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்பேன். அழுகை வரும். வந்தாலும் காட்டி முடிப்பேன்.

முதுகைத் தடவிக்கொண்டு சும்மா இருந்த
உங்கள் தங்கச்சி