பன்னிரண்டரை மணிச் சாப்பாடு

இன்றைக்குத்தான் முதல் தடவையாக உன் பக்குவப்படி, சீரகத்தை வறுத்துப் பொடித்து, சுக்கும் தட்டிப் போட்டு மோர் கொண்டுபோனேன். கடையின் சாப்பாட்டு அறையில் மூடியைத் திறந்ததும் வாசனை குப்பென்று வந்தது. நீதான் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று ஒரு நொடி எரிச்சல் வந்தது. பிறகுதான் உறைத்தது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

செத்துப்போனவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். உன்னிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

அரியலூரில் அந்த ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். நான் திருமானூரில் ஏறும் பஸ்ஸில் நீ கீழப்பழுவூரில் ஏறுவாய். இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு வேறு. எதைத் தின்றாலும் வயிறு உப்பும், கால் மணி நேரத்தில் ஓட வேண்டும். கல்யாணப் பட்டை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது எங்கே ஓடுவது? ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்து, புண்ணும் இல்லை கட்டியும் இல்லை என்று சொன்ன பிறகு, நாலரை வருடத்துக்கு முன்னால் ஜெயங்கொண்டத்து ஆயுர்வேத வைத்தியரிடம் சேர்ந்தே போனோம்.

"மருந்து கொஞ்சந்தாம்மா. நேரந்தான் முக்கியம்" என்றார் அவர். "வெயில் உச்சிக்கு ஏறுறப்பதான் வயித்து நெருப்பும் நல்லா எரியும். அப்ப சாப்பிட்டுடணும். மூணு மணிக்குப் போட்டா வேகாது."

பழைய அரிசிக் கஞ்சி, புளிக்காத மோர், ராத்திரி எட்டுக்குள் சாப்பாடு. டீ, பச்சை மிளகாய், புரோட்டா கூடாது. இதெல்லாம் முடியும். மதிய நேரத்துக்குத்தான் வழியில்லை. கடையில் பிரிவுக்கு ஒருவர்தான் பன்னிரண்டரைக்கு முதல் பந்திக்குப் போகலாம். மற்றவர்கள் கூட்டம் குறைந்த பிறகு, இரண்டரைக்கோ மூன்றுக்கோ.

மறுநாளே நீ சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாய். வேட்டிப் பிரிவு ஆட்கள் நாலு பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம் வெளிக்கிப் போவுது சார். நேரத்துக்குச் சாப்பிட்டாதான் நிக்கும்" என்றாய். எனக்கு உடம்பே கூசிப்போனது. அதோடு விட்டாயா? என்னையும் கை காட்டினாய். "அக்காவுக்கும் இதே கஷ்டந்தான் சார்."

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குமாம்மா? அப்படின்னா ரெண்டு பேருமே போங்க. பில் போடற அம்மாவ அந்த நேரம் நிறுத்திக்கிறேன்."

"எனக்கென்ன சார், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

பஸ்ஸில் கேட்டாய். "ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"உன்ன மாதிரி என்னால மானத்த விக்க முடியாது" என்றேன். நீ கோபிக்கவில்லை. "வயித்துக்கு ஏதுக்கா வெக்கம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மூன்றே மாதத்தில் உன் கன்னம் பூசினாற்போல் ஆனது. ரவிக்கையைப் பிரித்துத் தைத்தாய். வைத்தியர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு உன்னைப் புகழ்வார். "அவங்க சொன்னபடி இருக்காங்க. நீங்க எங்கயோ ஏமாத்துறீங்க." பன்னிரண்டரை ஆனதும் நீ படியிறங்குவாய். அப்போது என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அவர் கொடுத்த எந்தச் சூரணமும் கேட்கவில்லை. வாரம் மாற்றி வாரம் போகலாம் என்று நீ கூப்பிட்டபோதும், "உன் தயவு எனக்கு வேணாம்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். தீபாவளிக் கூட்டத்தில் புரோட்டா வாங்கி வந்து, "ஒரு நாளுதான, சாப்புடு" என்று கெஞ்சினேனே, அது பாசம் இல்லையடி. ஒரு நாளாவது நீயும் ஓடவேண்டும் என்ற ஆசை. நீ பாதி தின்றாய், கல் மாதிரி இருந்தாய். மிச்சத்தைத் தின்ற நான்தான் மறுநாள் லீவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தலைவலி என்றார்கள். மூளையில் ரத்தம் கசிந்ததாம். செவ்வாய்க்கிழமை நீ இல்லை. உன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அங்கேயும் எனக்குப் பொறாமை. அடுத்த வாரம் சூப்பர்வைசர், "முதல் பந்திக்கு இனிமே நீங்க போங்கம்மா" என்றார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் போனேன். இரண்டு மாதத்தில் வயிறு சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. உன் நேரத்தில் சாப்பிட்டுத்தான் நான் தேறினேன்.

போன வாரம் ஆடித் தள்ளுபடி தொடங்கிய அன்று, மூன்று மணி வரை யாரும் நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மணி பன்னிரண்டரையைத் தாண்டியது. நேரே சூப்பர்வைசரிடம் போனேன். கூட்டம் நிற்கும்போதே சொன்னேன். "சார், எனக்கு நாலஞ்சு வருஷமா வயிறு சரியில்ல. நேரத்துக்குச் சாப்பிடலன்னா வெளிக்கிப் போயிட்டே இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எனக்கும் இதே தொந்தரவுதாங்க, என்ன சாப்புடுறீங்க?" என்று கேட்டாள். சூப்பர்வைசர், "அன்னைக்கே கேட்டனேம்மா. போயிட்டு வாங்க" என்றார்.

இவ்வளவுதான் விஷயம். படியிறங்கிப் போய்ச் சாப்பாட்டு அறையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு வருடம் அங்கே நீ யார் எதிரில் உட்கார்ந்தாய், என்ன பேசிக்கொண்டே சாப்பிட்டாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

பொறாமை என்னை விட்டுப் போகவில்லை. இப்போது அது அன்றைக்கே "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு உன்னோடு படியிறங்கியிருக்கக்கூடிய ஒருத்தி மேல் வருகிறது. அவள் உன்னோடு நாலு வருடம் சாப்பிட்டிருப்பாள்.